நூலில் ஆடும் வீரன்: ஒரு பழைய விளையாட்டின் மறுமதிப்பீடு

திரைப்படம் ஒன்று வெற்றி பெற்றால், அதன் பெயரைத் தாங்கிய பொருள்கள் பல பின்னாலேயே கடைக்கு வந்துவிடும். பென்சில் பெட்டி, பனியன், பொம்மை என்று அந்த வரிசை நீளும். வீடியோ விளையாட்டும் அவற்றுள் ஒன்று. படத்தின் பெயரையும் பாத்திரங்களையும் பயன்படுத்திக்கொள்ள உரிமம் வாங்குவார்கள்; படம் திரைக்கு வரும் நாளுக்குள் விளையாட்டை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று விரைவார்கள். ஆகவே, 'படத்தை ஒட்டி வந்த விளையாட்டு' என்றாலே விவரம் அறிந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவது வழக்கம்.

இந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1982இல் ஸ்டீவன் ஸ்பீல்பர்க் இயக்கிய 'ஈ.டி.' என்னும் படம் வெளிவந்தது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் விற்பனைக்கு அதன் பெயரில் ஒரு விளையாட்டு வேண்டும் என்று அடாரி நிறுவனம் விரும்பியது. ஹோவர்டு ஸ்காட் வார்ஷா என்னும் வடிவமைப்பாளருக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஐந்து வாரங்களே. விளையாட்டு வெளிவந்தது, எதிர்பார்த்தபடி விற்கவில்லை. விற்காமல் மிஞ்சிய சரக்கில் ஒரு பகுதி, 1983இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டது. 2014இல் அந்த இடத்தைத் தோண்டி, புதையுண்ட பெட்டிகளை வெளியே எடுத்தார்கள். உரிமம் பெற்ற விளையாட்டுகளின் பெயர் கெட்ட கதைக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் வேண்டியதில்லை.

ஆனால், குப்பைமேட்டுக்குப் போகாத சில விளையாட்டுகளும் உண்டு. அவற்றுள் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். 2004ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்பைடர்மேன் 2' என்பது அதன் பெயர். சாம் ரைமி இயக்கிய அதே பெயர் கொண்ட படத்தை ஒட்டி, ட்ரேயார்க் நிறுவனம் உருவாக்க, ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் ஆகிய மூன்று கருவிகளில் அது ஓடியது. இதே பெயரில் 2023இல் வேறொரு நிறுவனம் வெளியிட்ட புதிய விளையாட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாம் பேசுவது இருபது ஆண்டுகளுக்கு மேல் பழைமையான வட்டைப் பற்றி.

இன்று அதைப் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது அதன் ஏழ்மைதான். முகங்கள் மரப்பாச்சி போல இருக்கும். தெருவில் நடப்பவர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தொலைவில் உள்ள கட்டடங்கள் வெறும் பெட்டிகளாகத் தெரியும். இருந்தும், இதை விளையாடியவர்கள் இன்றும் இதை நினைவுகூர்கிறார்கள். ஏன்? அதற்கான விடை ஓர் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது.

வானத்தில் ஒட்டிய நூல்

ஸ்பைடர்மேன் என்னும் பாத்திரம் 1962இல் ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகிய இருவரால் படக்கதைக்காக உருவாக்கப்பட்டது. மணிக்கட்டிலிருந்து நூலை வீசி, உயர்ந்த கட்டடத்தில் ஒட்டவைத்து, அதைப் பிடித்துக்கொண்டு ஆடி, அடுத்த நூலுக்குத் தாவி நகரத்தைக் கடப்பது அவன் வழக்கம். படக்கதையில் இதை வரைந்துவிடலாம். திரைப்படத்தில் காட்டிவிடலாம். விளையாட்டில் என்ன செய்வது? அங்கே நூலை எங்கே, எப்போது வீசுவது என்று முடிவு செய்பவர் பார்வையாளர் அல்லர், விளையாடுபவர். எந்தத் திசையில் போவார், எப்போது நூலை விடுவார் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

முன்பு வந்த ஸ்பைடர்மேன் விளையாட்டுகள் இந்தச் சிக்கலை ஒரு தந்திரத்தால் கடந்தன. பொத்தானை அழுத்தினால் நூல் மேலே போகும். ஆனால் எந்தக் கட்டடத்திலும் ஒட்டாது. வெறும் வானத்தில் ஒட்டிக்கொண்டது போல அவன் ஆடுவான். ட்ரேயார்க் நிறுவனமே 2002இல் செய்த முதல் படத்தின் விளையாட்டிலும் இதுதான் நிலை. அங்கே தெருவில் இறங்கவும் முடியாது.

2004இல் இது மாறியது. நூல் உண்மையான கட்டடத்தில் ஒட்டியது. பக்கத்தில் கட்டடம் இருந்தால்தான் ஆட முடியும். உயரமான கட்டடம் இருந்தால்தான் நன்றாக ஆட முடியும். இந்த ஊசல் முறையை வடிவமைத்தவர் ஜேமி ஃப்ரிஸ்ட்ரம் என்னும் நிரலாளர். இதன் பயனை அறிய, ஊசலைப் பற்றிய சில அடிப்படைகளை நினைவுபடுத்திக்கொள்வோம்.

ஊசலின் கணக்கு

ஒரு நூலின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, பக்கவாட்டில் இழுத்து விட்டால் அது ஊசலாகும். இழுத்துப் பிடித்திருக்கும்போது கல்லிடம் இருப்பது நிலையாற்றல். விட்டதும் அது கீழே வரவர, நிலையாற்றல் குறைந்து இயக்க ஆற்றலாக மாறும். அடிப்புள்ளியில் வேகம் மிகுதி. மறுபுறம் ஏற ஏற, இயக்க ஆற்றல் மீண்டும் நிலையாற்றலாகும். காற்றின் தடையை விட்டுவிட்டால், கல் எந்த உயரத்திலிருந்து புறப்பட்டதோ அதே உயரத்தைத்தான் மறுபுறமும் எட்டும். அதற்கு மேல் ஒரு விரற்கடை கூட ஏறாது.

நம் வீரனை இந்தக் கல்லின் இடத்தில் வைப்போம். நூலின் நீளம் 20 மீட்டர் என்று கொள்வோம். நூல் கிடைமட்டமாக இருக்கும் நிலையிலிருந்து அவன் விழத் தொடங்கினால், அடிப்புள்ளிக்கு வரும்போது 20 மீட்டர் இறங்கியிருப்பான். அப்போது அவன் வேகம் விநாடிக்கு 19.8 மீட்டர், அதாவது மணிக்கு 71 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்தின் வேகம் இது! ஒரே ஒரு நூலும் புவியீர்ப்பும் சேர்ந்து, எந்த எந்திரமும் இல்லாமல் இந்த வேகத்தைத் தந்துவிடுகின்றன.

அந்த நொடியில் நூலின் இழுவிசை எவ்வளவு? அவன் எடையையும் தாங்க வேண்டும்; அவனை வட்டப்பாதையில் வளைக்கத் தேவையான மையநோக்கு விசையையும் தர வேண்டும். கணக்கிட்டால், இழுவிசை அவன் எடையைப் போல் மூன்று மடங்கு என்று வரும். 70 கிலோ மனிதன் என்றால், 210 கிலோ பாரத்தைக் கைகளால் பிடித்துத் தொங்குவதற்கு ஒப்பு. சாதாரண மனிதனின் பிடி நழுவிவிடும். கதைநாயகனுக்குச் சிலந்தியின் வலிமை உண்டு என்பதால் நாம் அதை மன்னித்துவிடுகிறோம்.

இன்னொரு செய்தி. ஊசல் ஒருமுறை போய் வர ஆகும் காலம், நூலின் நீளத்தைப் பொறுத்தது. கட்டியிருக்கும் பொருளின் எடையைப் பொறுத்தது அன்று. 5 மீட்டர் நூல் என்றால் ஏறத்தாழ 4.5 விநாடி. 20 மீட்டர் நூல் என்றால் 9 விநாடி. நீளம் நான்கு மடங்கானால் காலம் இரண்டு மடங்காகிறது. (இது சிறிய ஆட்டத்துக்கான கணக்கு. கிடைமட்டம் வரை இழுத்துவிடும் பெரிய ஆட்டத்துக்கு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுதலாக ஆகும்.) ஆகவே குட்டை நூலில் ஆட்டம் துடிப்பாக இருக்கும், நெட்டை நூலில் நிதானமாக, அகன்று இருக்கும். குறுகலான தெருவில் ஓர் ஆட்டம், அகன்ற சாலையில் வேறோர் ஆட்டம். இந்த வேறுபாட்டை விளையாட்டில் யாரும் வாயால் சொல்லித் தருவதில்லை. கை அதை உணர்ந்துகொள்கிறது.

எப்போது விடுவது?

விளையாட்டின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். நூலைப் பிடித்திருக்கும் வரை வீரன் ஊசல். விட்ட கணமே அவன் எறிபொருள். எந்தப் புள்ளியில் விடுகிறானோ, அந்தப் புள்ளியில் இருந்த வேகமும் திசையும்தான் அவன் முதல். அதன் பிறகு எல்லாம் புவியீர்ப்பின் கையில்.

நம் 20 மீட்டர் நூலையே வைத்துக் கணக்குப் போடுவோம். அடிப்புள்ளியில் விட்டால் முழு வேகமும் முன்னோக்கியே இருக்கும். ஆனால் உயரம் கிடைக்காது. மறுபுறம் 45 பாகை ஏறியபின் விட்டால், வேகம் மணிக்கு 60 கிலோமீட்டராகக் குறைந்திருக்கும். அதில் முன்னோக்கிய பகுதி 42 கிலோமீட்டர். ஆனால், அடிப்புள்ளியிலிருந்து 13 மீட்டர் உயரம் வரை அவன் எழும்புவான். 60 பாகையில் விட்டால் வேகம் 50 கிலோமீட்டர், முன்னோக்கிய பகுதி 25 மட்டுமே, உயரமோ 17.5 மீட்டர். நூல் மீண்டும் கிடைமட்டம் ஆகும்வரை பிடித்துக்கொண்டிருந்தால், 20 மீட்டர் உயரத்தில் வேகம் ஏதுமின்றி நின்று, நேர்கீழாக விழுவான்.

பார்த்தீர்களா? உயரம் வேண்டுமென்றால் வேகத்தைக் கொடுக்க வேண்டும். வேகம் வேண்டுமென்றால் உயரத்தை விட வேண்டும். இரண்டையும் ஒருசேர இலவசமாகப் பெற வழியில்லை. ஓடும் காரைத் துரத்துபவர் முன்கூட்டியே நூலை விடுகிறார். அடுத்த தெருவில் உள்ள கோபுரத்தின் உச்சிக்குப் போக வேண்டியவர் இன்னும் சற்றுப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் அரை விநாடிக்குள், ஆற்றல் அழிவின்மை விதியை வைத்து அவர் ஒரு பேரம் நடத்திவிடுகிறார். 'பொத்தானை அழுத்தினால் பறப்பான்' என்னும் விளையாட்டில் இந்தப் பேரத்துக்கு இடமே இல்லை. இதுவே இந்தப் பழைய விளையாட்டின் முதற்பெருமை.

திருப்பத்திலும் இதே சுவை உண்டு. தெருமுனையில் உள்ள கட்டடத்தில் நூல் ஒட்டினால், அது வீரனைப் பக்கவாட்டில் இழுத்து, முனையைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோகும். தன் வேகத்தை இழக்காமலே அவன் அடுத்த தெருவுக்குள் நுழைந்துவிடுவான். விசைக்கும் திசைமாற்றத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் காட்ட முடியுமா என்பது ஐயமே.

ஆற்றல் எங்கிருந்து வந்தது?

இங்கே கூர்மையான வாசகர் ஒரு தடை எழுப்பலாம். 'ஊசல் புறப்பட்ட உயரத்துக்கு மேல் ஏறாது என்றீர்களே! விளையாட்டில் அவன் ஆடி ஆடியே மேலும் மேலும் உயர்கிறானே, எப்படி?' நியாயமான கேள்வி.

'அடுத்த நூலை இன்னும் உயரமான இடத்தில் ஒட்டவைக்கிறான், அதனால் உயர்கிறான்' என்பது பலருக்கும் தோன்றும் விடை. அது சரியன்று. நூல் எங்கே ஒட்டியிருந்தாலும், அதன் இழுவிசை வீரன் செல்லும் திசைக்குச் செங்குத்தாகவே இருக்கிறது. செங்குத்தான விசை திசையை மாற்றும்; ஆற்றலைக் கூட்டாது. போதாததற்கு, புதிய நூல் விறைக்கும் கணத்தில் ஒரு வெட்டு விழும். வேகத்தில் நூலின் நெடுகில் இருக்கும் பகுதி அப்போது வீணாகிவிடும். ஆக, உண்மையான உலகில் அவன் ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போக வேண்டும்.

அப்படியானால் உயர வழியே இல்லையா? உண்டு. ஊஞ்சலில் நின்று ஆடும் சிறுவர்கள் அதை அறிவார்கள். உயரத்தில் முழங்காலை மடக்கி, அடிப்புள்ளிக்கு வரும்போது நிமிர்ந்து நிற்பார்கள். அப்போது உடல் நூலின் பிடிப்பை நோக்கி மேலே நகர்கிறது. இழுவிசைக்கு எதிராகத் தசைகள் வேலை செய்கின்றன. அந்த வேலை ஆட்டத்தில் ஆற்றலாகச் சேர்கிறது. நூலைக் கையால் சுருக்கிப் பிடித்தாலும் இதே பயன்தான். ஆட்டத்தின் நடுவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதியை விளையாட்டு தருகிறது. அதை இப்படிப் பொருள் கொண்டால், அது பொய் அன்று; சற்றே மிகைப்படுத்திய உண்மை. குதிப்பதும் அப்படித்தான்: ஆற்றலின் இன்னொரு வரவு அது.

கணிப்பொறி செய்யும் வேலை

இதையெல்லாம் அந்தச் சின்னக் கருவி எப்படிச் செய்தது? பிளேஸ்டேஷன் 2 கருவியின் மையச் செயலி ஏறத்தாழ 295 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்டது. அதன் முதன்மை நினைவகம் 32 மெகாபைட். இன்று சாதாரணக் கைப்பேசியிலும் அதைப் போல் நூறு மடங்குக்கு மேல் நினைவகம் இருக்கிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைச் சுருக்கிய வடிவில் காட்டினாலும், அந்த நகரம் முழுவதையும் 32 மெகாபைட்டுக்குள் அடைக்க இயலாது. ஆகவே வீரன் இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வட்டிலிருந்து படித்து, அவன் நகர நகரப் பழையதை நீக்கிப் புதியதை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொலைவுக் கட்டடங்கள் பெட்டிகளாகத் தெரிவதற்குக் காரணம் சோம்பல் அன்று, இந்தச் சிக்கனம்தான்.

ஊசலின் கணக்கு அதைவிட எளிது. இத்தகைய விளையாட்டுகளில் பொதுவாகக் கையாளும் முறை இது: காலத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி, விநாடிக்கு முப்பது அல்லது அறுபது முறை கணக்கிடுவார்கள். ஒவ்வொரு துண்டிலும் முதலில் புவியீர்ப்பின் பங்கை வேகத்தில் கூட்டுவார்கள். பிறகு அந்த வேகத்தில் வீரனை நேர்கோட்டில் நகர்த்துவார்கள். நகர்ந்தபின், நூல் ஒட்டிய இடத்திலிருந்து அவன் இருக்கும் தொலைவு நூலின் நீளத்தைவிட மிகுந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். மிகுந்திருந்தால் அவனை உள்ளே இழுத்து வட்டத்தின் மேல் வைத்து, வெளிநோக்கிய வேகத்தை நீக்கிவிடுவார்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன், விநாடியில் முப்பதில் ஒரு பங்கில் 56 சென்டிமீட்டர் நகர்வான். 20 மீட்டர் நூலில் அவன் அப்போது வட்டத்தை விட்டு விலகுவது 8 மில்லிமீட்டர்தான். அதைத் திருத்தாமல் விட்டால், துண்டுக்குத் துண்டு சேர்ந்து நூல் நீண்டுகொண்டே போகும். திருத்தினால், பல நேர்கோடுகள் சேர்ந்து நம் கண்ணுக்கு ஒரு வளைவாகிவிடும். கூட்டலும் பெருக்கலும் ஒரு வர்க்கமூலமும் போதும். இவ்வளவு எளிய கணக்கிலிருந்து அத்தனை வகை ஆட்டங்கள் பிறக்கின்றன. நல்ல விதி ஒன்று கிடைத்துவிட்டால், ஆயிரம் அசைவுகளைத் தனித்தனியே வரைந்து வைக்க வேண்டியதில்லை. எந்த அறிவியல் மாணவரும் மகிழ வேண்டிய செய்தி இது.

சொல்லாமல் கற்பித்தல்

இந்த விளையாட்டின் இரண்டாவது பெருமை, அது நகரத்தைப் படிக்கக் கற்றுத் தருவது. நூல் கட்டடத்தில் ஒட்ட வேண்டும் என்றானபின், விளையாடுபவர் தெருவைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. எங்கே கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன? எங்கே தாழ்கின்றன? எந்தச் சாலை அகன்றது? உயர்ந்த கட்டடங்கள் மன்ஹாட்டனின் நடுப்பகுதியிலும் தென்முனையிலும் குவிந்திருக்கின்றன. இடையில் உள்ள பகுதிகள் தாழ்வானவை. நடுவே சென்ட்ரல் பார்க் என்னும் பெரும் பூங்கா. இந்த வரைபடம் புத்தகப் பாடமாக அன்றி, 'இங்கே வேகமாகப் போகலாம், அங்கே முடியாது' என்னும் அனுபவமாக மனத்தில் பதிகிறது.

நகரெங்கும் வளையங்களுக்குள் புகுந்து செல்லும் பந்தயங்கள் உண்டு. அதே வளையங்கள், அதே தெரு. கடிகாரம் மட்டும் ஓடும். முதல் நாள் சுவரில் மோதி மோதித் தோற்றவர், சில நாளில் அதே பாதையைத் தடையின்றிக் கடப்பார். பாதை மாறவில்லை, மாறியது அவர் கைப்பழக்கம். இங்கே ஒரு சிறு குறையையும் சொல்ல வேண்டும். புள்ளிகளைச் சேர்த்து, ஆடும் வேகத்தையே விலைக்கு வாங்கும் ஏற்பாடும் விளையாட்டில் உண்டு. நம் முன்னேற்றத்தில் எவ்வளவு திறமை, எவ்வளவு வாங்கியது என்று பிரித்தறிய அது இடையூறாகிறது.

'இதை விளையாடினால் இயற்பியல் வந்துவிடுமா?' என்று கேட்கலாம். வராது. மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர் எல்லாம் சுழல் இயக்க விதிகளை அறிந்தவர் அல்லர். கை அறிந்ததை மூளை அறிய வேண்டுமானால், தாளும் பென்சிலும் எடுத்து மேலே நாம் போட்டது போன்ற கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் கை முன்பே அறிந்திருந்தால் கணக்கு வறட்டுக் கணக்காக இருக்காது. அந்த அளவுக்கு இந்த விளையாட்டு துணை செய்யும். அதற்கு மேல் உரிமை கொண்டாடுவது மிகை.

குறைகள்

மறுமதிப்பீடு என்பது வெறும் புகழுரையாகிவிடக் கூடாது. ஊசலை எடுத்துவிட்டால் இந்த விளையாட்டில் மிஞ்சுவது குறைவே. வழிப்பறி, கார் திருட்டு, கட்டட விளிம்பில் தொங்கும் தொழிலாளி, மூழ்கும் படகு, பலூனைப் பறிகொடுத்து அழும் குழந்தை என்று ஒரு கைப்பிடி நிகழ்ச்சிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. கதையின் அடுத்த பகுதிக்குச் செல்ல, இத்தனை புள்ளி சேர்த்தாக வேண்டும் என்ற நிபந்தனை வேறு. முதலில் உதவியாகத் தோன்றுவது பத்தாவது முறை கடமையாகிவிடுகிறது.

படத்தில் நடித்த டோபி மக்வயர், கர்ஸ்டன் டன்ஸ்ட், ஆல்பிரட் மொலினா ஆகியோர் விளையாட்டுக்கும் குரல் கொடுத்தார்கள். ஆயினும் படத்தின் உணர்ச்சி இங்கே வந்து சேரவில்லை. அறைகளுக்குள்ளே நடக்கும் சண்டைகளில், கூரை தாழ்ந்து, ஆட இடமில்லாமல் போனதும் விளையாட்டின் பலமும் போய்விடுகிறது.

வியப்பு என்னவென்றால், படத்தில் சிறு நிகழ்ச்சியாக வரும் ஒன்று இங்கே சுவையாகிவிடுகிறது. நாயகன் வயிற்றுப் பிழைப்புக்காக பீட்சா கொண்டு கொடுக்கும் வேலை செய்பவன். விளையாட்டிலும் அந்த வேலை உண்டு. குறித்த நேரத்துக்குள் வீடு வீடாகக் கொண்டு சேர்க்க வேண்டும். பின்னணியில் 'ஃபூனிகுலி ஃபூனிகுலா' என்னும் இத்தாலியப் பாட்டின் மெட்டு ஒலிக்கும். இதில் வில்லன் இல்லை, சண்டை இல்லை. நகரமும் நூலும் நேரமும்தான். ஆகவேதான் அது சுவைக்கிறது. தன் பலம் எது என்பது விளையாட்டுக்கே தெரிந்த இடங்களுள் அது ஒன்று.

ஒரே பெயர், இரு விளையாட்டுகள்

ஊசல்தான் இதன் உயிர் என்று சொன்னோம். அறிவியல் இதழின் வாசகர்கள் சான்று கேட்பார்கள். நல்வாய்ப்பாக ஒரு சான்று இருக்கிறது. அதே 2004ஆம் ஆண்டு, அதே படத்தை ஒட்டி, அதே பெயரில், வீட்டுக் கணிப்பொறிகளுக்கென்று தனியாக ஒரு விளையாட்டு வெளிவந்தது. அதைச் செய்தவர்கள் வேறு. அதில் நூலை நினைத்த இடத்தில் ஒட்ட முடியாது. குறியிட்டுக் காட்டிய இடங்களில் மட்டுமே ஒட்டும். எப்போது, எங்கே என்ற முடிவு விளையாடுபவரிடமிருந்து பறிக்கப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு தொட்டிகளில் ஒரே செடியை வைத்து, ஒன்றுக்கு மட்டும் ஓர் உரத்தை நிறுத்திப் பார்ப்பது போன்றது இது. வேறு வேறுபாடுகளும் இருந்தன என்பதால் முற்றிலும் சரியான சோதனை என்று கொள்ள முடியாது. எனினும் முடிவு பளிச்சென்று தெரிகிறது. கணிப்பொறிக்கு வந்த அந்த விளையாட்டைப் பாராட்டியவர்கள் அரியர். பெயரும் படமும் விளம்பரமும் ஒன்றே, நூல்தான் வேறு.

பின்னர் வந்தவை

இதன் கொடி பின்பும் படர்ந்தது. ஃப்ரிஸ்ட்ரம் தனியே பிரிந்து, கயிற்றில் ஆடுவதையே மையமாகக் கொண்ட 'எனர்ஜி ஹுக்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். இன்சோம்னியாக் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஸ்பைடர்மேன் விளையாட்டிலும் நூல் கட்டடத்தில்தான் ஒட்டுகிறது. ஆனால் விழாமலும் மோதாமலும் இருக்க விளையாட்டே பின்னணியில் நிறைய உதவி செய்கிறது. பார்க்க மிக அழகு. தவறு செய்வது கடினம். அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட அடுத்த விளையாட்டில், அந்த உதவியின் அளவைக் குறைத்துக்கொள்ளவும், உயரத்திலிருந்து விழுந்தால் அடிபடும்படி வைத்துக்கொள்ளவும் விருப்பத்தேர்வு தரப்பட்டது. தவறு செய்யும் உரிமையையும் மக்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்பதன் அடையாளம் அது. 2004இன் பழைய வட்டு அந்த உரிமையைத் தாராளமாகவே தந்திருந்தது.

அழியும் வட்டுகள்

இத்தனையும் கேட்டபின், 'இதை எங்கே வாங்கலாம்?' என்று நீங்கள் கேட்டால், விடை சற்று வருத்தமானது. இன்று அது கடையில் புதிதாக விற்கப்படுவதில்லை. பாத்திரம் ஒருவருக்கு உரியது. படம் மற்றொருவருக்கு உரியது. விளையாட்டை வெளியிட்டவர் மூன்றாமவர். உரிம ஒப்பந்தத்தின் காலம் முடிந்ததும் விற்பனையும் முடிந்துவிடுகிறது. மீண்டும் வெளியிட வேண்டுமானால் எல்லோரும் மறுபடி ஒப்ப வேண்டும். எஞ்சியிருப்பவை பழைய வட்டுகளும், அவற்றை ஓட்டக்கூடிய பழைய கருவிகளும்தான். வட்டில் கீறல் விழும். கருவியும் ஒரு நாள் நிற்கும்.

இது இந்த ஒரு விளையாட்டின் கதை அன்று. வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை என்னும் அமெரிக்க அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. உரிமம் பெற்ற விளையாட்டுகளுக்கு இந்த இடர் இன்னும் மிகுதி. ஒரு நூல் அச்சில் இல்லாமற்போனாலும் நூலகத்தில் ஒரு படி கிடைக்கும். படித்துப் பார்த்து, 'முன்பு சொன்ன விமரிசனம் சரியா' என்று தீர்மானிக்கலாம். விளையாட்டுக்கு அந்த வசதி மிகக் குறைவு. ஓட்டிப் பார்க்க முடியாத விளையாட்டைப் பற்றிய கருத்து, காலப்போக்கில் வெறும் செவிவழிச் செய்தியாகிவிடும். 'படத்தை ஒட்டி வந்தவை எல்லாம் குப்பை' என்ற பேச்சை மறுக்க நாளை யாராவது முயன்றால், அவர் கையில் எடுத்துக்காட்டே இல்லாமற் போகலாம். அந்த 87 விழுக்காட்டில் இதைப் போன்ற நல்ல கணக்கு எத்தனை விளையாட்டுகளில் புதைந்திருக்கிறது என்பதை அறியவும் வழியிருக்காது.

நீங்களே செய்து பாருங்கள்

விளையாட்டு கிடைக்காவிட்டாலும் அதன் இயற்பியல் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஒரு மீட்டர் நூலில் ஒரு கல்லைக் கட்டி, கதவு நிலையில் ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். சிறிதளவு இழுத்துவிட்டு, பத்து ஆட்டங்களுக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். ஏறத்தாழ 20 விநாடி வரும். நூலை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் 10 விநாடி வரும். கல்லை மாற்றிக் கனமானதைக் கட்டுங்கள், நேரம் மாறாது.

அடுத்த சோதனை கலிலியோ 1638இல் வெளியிட்ட தம் நூலில் விவரித்தது. மீண்டும் ஒரு மீட்டர் நூலைக் கட்டி, அதைச் சுவர் ஓரமாகத் தொங்கவிடுங்கள். மேல் ஆணிக்கு நேர்கீழே, நூலின் பாதி உயரத்தில் இன்னோர் ஆணியை அடியுங்கள். கல்லை அந்த இரண்டாம் ஆணியின் மட்டத்துக்குக் கீழேயே வைத்து இழுத்துவிடுங்கள். நூல் நடுவில் உள்ள ஆணியில் தட்டி மடியும். பாதை சட்டென்று குறுகி வளையும். ஆனால் கல் ஏறும் உயரத்தைச் சுவரில் குறித்துப் பாருங்கள்: புறப்பட்ட அதே மட்டம்தான். பிடிப்பு மாறினாலும் ஆற்றல் மாறவில்லை. மன்ஹாட்டன் தெருவில் வீரன் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்கு நூலை மாற்றும்போது நிகழ்வதும் இதுதான். இரண்டாம் ஆணியை மேலும் கீழுமாக மாற்றி அடித்து, மட்டம் மாறுகிறதா என்று நீங்களே அளந்து எழுதுங்கள்.